ஜிஎஸ்டி ஜேசனை எக்ஸ்ரெக்னுங், யூபிஎல், சிஐஐ-க்கு மாற்றுவது: நேரடி மேப்பிங் போதுமா?

அம்பத்தூர்_ஐடி கேட்டது:

வணக்கம் நண்பர்களே. அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட், நட், வாஷர், டர்னிங் செய்த சின்ன பாகங்கள் செய்து ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் ஐடி பார்க்கிறேன். ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் எங்களுக்குப் பழகிப்போன விஷயம். ஈஆர்பியிலிருந்து (கம்பெனியின் கணக்கு, பில்லிங் மென்பொருள்) ஜேசன் என்ற டேட்டா ஃபைல் உருவாகி அரசின் இன்வாய்ஸ் பதிவுத் தளமான ஐஆர்பிக்குப் போகும், ஐஆர்என் என்ற பதிவு எண்ணும் கையெழுத்திட்ட க்யூஆரும் திரும்பி வரும், பிடிஎஃப்பில் அச்சாகும். அதில் சிக்கல் இல்லை.

இப்போது வந்திருப்பது வேறு வேலை. ஸ்டுட்கார்ட் பக்கம் எங்களுக்கு ஒரு ஜெர்மன் துணை கம்பெனி இருக்கிறது. இங்கிருந்து கப்பலில் போகும் சரக்கை அங்கே கிடங்கில் வைத்து உள்ளூர் வாடிக்கையாளர்களுக்கு விற்கிறார்கள், பில்லிங் மட்டும் சென்னையிலிருந்தே நாங்கள் பார்க்கிறோம். அதோடு சில வாடிக்கையாளர்களுக்கு சென்னையிலிருந்து நேரடி ஏற்றுமதியும் உண்டு. இனி பிடிஎஃப் மட்டும் அனுப்பாதீர்கள், கணினி படிக்கும் மின்-இன்வாய்ஸ் வேண்டும் என்கிறார்கள். ஒருவர் எக்ஸ்ரெக்னுங் கேட்கிறார், இன்னொருவர் ஜுக்ஃபெர்ட் போதும் என்கிறார், மூன்றாவது ஆள் யூபிஎல் என்று மட்டும் ஒரு வரி எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டார். அடுத்த ஆண்டு மலேசியாவிலும் விற்பனை தொடங்கலாம் என்று மேலிடத்தில் பேச்சு.

என் யோசனை இதுதான்: ஜிஎஸ்டி ஜேசன் ஏற்கெனவே சுத்தமாக, அரசு சோதித்து ஏற்றுக்கொண்ட வடிவத்தில் கையில் இருக்கிறது. அதையே மூலமாக வைத்து ஃபீல்டுக்கு ஃபீல்டு மேப் செய்து யூபிஎல் எக்ஸ்எம்எல் உருவாக்கிவிட்டு, அதிலிருந்து சிஐஐ என்ற இன்னொரு எக்ஸ்எம்எல் வடிவத்துக்கு ஒரு எக்ஸ்எஸ்எல்டி (எக்ஸ்எம்எல்லை உருமாற்றும் நிரல்) எழுதிவிட்டால் எல்லா வாடிக்கையாளரையும் சமாளித்துவிடலாம் அல்லவா? இந்த வழியில் போனவர்கள் யாராவது இருந்தால் எங்கே முட்டும் என்று சொல்லுங்கள். மாதாமாதம் பில் கட்டச் சொல்லும் கிளவுட் சேவைகள் பக்கம் போக நிர்வாகத்துக்கு இப்போதைக்கு விருப்பமில்லை.


கிண்டி_எக்ஸ்எம்எல் பதில்:

சார், முதல் படியிலேயே முட்டும். ஜிஎஸ்டி ஜேசனை மூலமாக வைக்காதீர்கள். காரணம் ரொம்ப எளிது: அதில் தொகைகள் ரூபாயில் இருக்கும். ஏற்றுமதிக்கான பகுதியில் எந்த நாணயம், எந்த நாடு, ஷிப்பிங் பில் எண், துறைமுகம் இதெல்லாம் வரும், மொத்தத் தொகையை வெளிநாட்டு நாணயத்தில் சொல்ல ஒரு ஃபீல்டும் உண்டு. ஆனால் பொருளுக்குப் பொருள் யூரோ விலை அதில் இல்லை. ஜெர்மன்காரருக்கு ஒவ்வொரு பொருளின் யூனிட் விலையும் யூரோவில் வேண்டும். ரூபாய் விலையை அன்றைய மாற்று விகிதத்தால் வகுத்து யூரோவைத் திரும்ப வரவழைக்கலாம் என்று நினைத்தால் கடைசி சென்ட் ஒருநாளும் ஒத்துவராது, ஆர்டரில் இருக்கும் விலைக்கும் இன்வாய்ஸில் இருக்கும் விலைக்கும் வித்தியாசம் என்று அவர்கள் சிஸ்டம் நிறுத்திவைத்துவிடும்.

இரண்டாவது, ஜெர்மன் துணை கம்பெனி அங்கே உள்ளூரில் விற்கும் சரக்குக்கு ஜிஎஸ்டி ஜேசனே கிடையாது. அது ஜெர்மன் வரிப் பதிவில் நடக்கும் விற்பனை, ஐஆர்பிக்கு அதில் வேலை இல்லை. ஆக உங்கள் இரண்டு வழிகளில் ஒன்றுக்கு நீங்கள் சொல்லும் மூலம் இருக்கவே இருக்காது, இன்னொன்றில் பாதித் தகவல்தான் இருக்கும்.

மூலம் ஈஆர்பியில் உள்ள பில் தரவுதான். நடுவில் உங்களுக்கென்று ஒரு இன்வாய்ஸ் மாடல் வைத்துக்கொள்ளுங்கள். அதைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டாம், ஐரோப்பியத் தரம் இஎன் 16931 அதைத்தான் செய்கிறது. 2014-ல் ஐரோப்பிய ஒன்றியம் அரசுக் கொள்முதலுக்கு மின்-இன்வாய்ஸ் பற்றி ஒரு டைரக்டிவ் போட்டது, 2014/55 என்பது அதன் எண், அதைத் தொடர்ந்து 2017-ல் இந்தத் தரம் வந்தது. பலர் இதை ஒரு ஃபைல் வடிவம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இன்வாய்ஸில் என்னென்ன தகவல் வரவேண்டும், ஒவ்வொன்றின் பொருள் என்ன, எது எதோடு கூட்டினால் எது வரவேண்டும் என்பதைச் சொல்லும் மாடல் அது. ஒவ்வொரு தகவலுக்கும் பிடி-1, பிடி-2 என்று எண் உண்டு. பிடி-1 இன்வாய்ஸ் எண், பிடி-2 தேதி, பிடி-10 வாங்குபவர் கேட்கும் குறிப்பு எண், இப்படிப் போகும். அந்த மாடலை ஃபைலாக எழுத அனுமதிக்கப்பட்ட சின்டாக்ஸ் (எழுத்து வடிவம்) இரண்டு: ஓயாசிஸ் அமைப்பின் யூபிஎல் 2.1, ஐநா-வின் யூஎன்/செஃபாக்ட் வெளியிட்ட சிஐஐ. எக்ஸ்ரெக்னுங் என்பது அந்த மாடலுக்கு மேல் ஜெர்மனி போட்ட கூடுதல் விதிகள், அதை யூபிஎல்லிலும் எழுதலாம், சிஐஐ-யிலும் எழுதலாம். ஜுக்ஃபெர்ட் என்பது பிடிஎஃப்/ஏ-3 ஃபைலுக்குள் சிஐஐ எக்ஸ்எம்எல்லை ஒட்டி அனுப்புவது, பிரான்ஸில் இதையே ஃபேக்டூர்-எக்ஸ் என்கிறார்கள், இப்போதைய பதிப்புகளில் இரண்டும் ஒன்றுதான்.

இதைப் புரிந்துகொண்டால் உங்கள் மூன்று வாடிக்கையாளர்கள் கேட்பது மூன்று வேறு விஷயங்கள் இல்லை என்று தெரியும். ஈஆர்பியிலிருந்து பிடி எண்கள் கொண்ட ஒரு டேபிளை நிரப்புங்கள், அங்கிருந்து யூபிஎல்லுக்கு ஒரு எழுத்துநிரல் (ஃபைலை எழுதித் தரும் நிரல்), சிஐஐ-க்கு ஒரு எழுத்துநிரல். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு என்று சங்கிலி போடாதீர்கள். நாளை ஒரு வடிவம் பதிப்பு மாறினால் சங்கிலியில் அதற்குக் கீழே உள்ள எல்லாம் உடையும், நடு மாடல் இருந்தால் அந்த ஒரு எழுத்துநிரலை மட்டும் திருத்தினால் போதும். ஜெர்மன் அரசுப் பக்கத்தில் எக்ஸ்ரெக்னுங்கைப் பார்வைக்கு எச்டிஎம்எல்லாக மாற்ற வெளியிட்டிருக்கும் ஸ்டைல்ஷீட்டுகளே இப்படித்தான் வேலை செய்கின்றன, யூபிஎல் வந்தாலும் சிஐஐ வந்தாலும் முதலில் ஒரு பொது இடைநிலை எக்ஸ்எம்எல்லாக்கி, அப்புறம்தான் திரையில் காட்டுகின்றன.

அந்த யூபிஎல் என்று ஒரு வரி எழுதியவரிடம் எந்த விதித்தொகுப்பு என்று கேட்டுவிடுங்கள். பெப்பால் என்ற மின்-இன்வாய்ஸ் வலையமைப்பின் பிஐஎஸ் பில்லிங் 3.0-ஆ, எக்ஸ்ரெக்னுங்கா என்று தெரியாமல் ஒரு வரி கூட கோடு எழுதாதீர்கள்.


பல்லாவரம்_ஏற்றுமதி_கணக்கு பதில்:

கிண்டி நண்பர் சொன்னது முழுக்கச் சரி. நான் கணக்குப் பக்கம், தோல் பொருள் ஏற்றுமதி கம்பெனி. ஐடிக்காரர்கள் கணக்குப் பிரிவைக் கேட்காமல் முடிவெடுத்துவிடும் சில ஃபீல்டுகள் இதில் உண்டு, அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் சட்டம். ஜெர்மனியில் 2025 ஜனவரி 1 முதல் உள்நாட்டு பி2பி (கம்பெனிக்குக் கம்பெனி) வியாபாரத்தில் எல்லாக் கம்பெனிகளும் மின்-இன்வாய்ஸைப் பெறத் தயாராக இருக்க வேண்டும். அனுப்புவதற்குக் கட்டம் கட்டமாக அவகாசம். 2026 முடியும்வரை காகித இன்வாய்ஸ் செல்லும், வாங்குபவர் சம்மதித்தால் சாதாரண பிடிஎஃப்பும் செல்லும். முந்தைய ஆண்டு விற்றுமுதல் 8,00,000 யூரோவைத் தாண்டியவர்கள் 2027-லிருந்து, மற்றவர்கள் 2028-லிருந்து கட்டாயம் அனுப்ப வேண்டும். இது விற்பவர், வாங்குபவர் இருவரும் ஜெர்மனியில் நிலைகொண்ட கம்பெனிகளாக இருக்கும்போதுதான். ஆக உங்கள் துணை கம்பெனிக்கு இது சட்டம். சென்னையிலிருந்து நேரடியாகப் போகும் ஏற்றுமதி இன்வாய்ஸுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, அங்கே அது வாடிக்கையாளரின் வசதிக்காகச் செய்வது, அவ்வளவுதான். இரண்டையும் ஒரே அவசரத்தில் செய்யாதீர்கள். துணை கம்பெனி இன்வாய்ஸ்தான் முதல் வேலை, அது எளிதும் கூட: 19 சதவீத வரி, வரி வகை கோடு எஸ், ஜெர்மன் வாட் எண், ஜெர்மன் வங்கிக் கணக்கு.

நேரடி ஏற்றுமதிதான் தலைவலி. எல்யூடி (உறுதிமொழிக் கடிதம்) போட்டு வரி கட்டாமல் அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜிஎஸ்டியில் அதற்கு ஏற்றுமதி, வரி செலுத்தாமல் என்று ஒரு கோடு இருக்கிறது. இஎன் 16931 பக்கம் அதற்கு நேர் கோடு எது? பார்த்தவுடன் ஜி என்ற கோடு கண்ணில் படும், ஏற்றுமதி, வாட் விதிக்கப்படவில்லை என்ற பொருள். ஆனால் அந்த மாடல் ஐரோப்பிய விற்பனையாளரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது, ஜி போட்டால் விற்பவரின் வாட் எண் பிடி-31-ல், இல்லையென்றால் அவரது வரிப் பிரதிநிதியின் வாட் எண் பிடி-63-ல் இருந்தே ஆகவேண்டும். சரி, ஜிஎஸ்டிஐஎன்னை அங்கே போடலாம் என்று பார்த்தால் பிஆர்-சிஓ-09 என்ற விதி பிடித்துக்கொள்ளும், வாட் எண் இரண்டு எழுத்து நாட்டுக் கோடில் தொடங்க வேண்டும் என்பது அந்த விதி. நம் எண் 33-ல் தொடங்குகிறது. இன்னொரு வழி ஓ என்ற கோடு, வரி வரம்புக்கு வெளியே என்ற பொருள். அது போட்டால் எதிர்மாறாக விற்பவர், வாங்குபவர் இருவரின் வாட் எண்ணும் இருக்கக் கூடாது, வேறு எந்த வரி வகையும் அதே இன்வாய்ஸில் கலக்கக் கூடாது. அப்போது ஜிஎஸ்டிஐஎன்னை பிடி-32, அதாவது உள்ளூர் வரிப் பதிவு எண்ணுக்கான இடத்தில் வைக்கலாம். எதைப் போட்டாலும் வரி ஏன் இல்லை என்ற காரணத்தை உரையாகவோ கோடாகவோ கொடுக்க வேண்டும்.

ஜி-யா ஓ-வா என்பதை நீங்களோ நானோ முடிவு செய்யக் கூடாது. வாடிக்கையாளரின் வரி ஆலோசகர் எழுத்தில் சொல்லட்டும், நம் ஆடிட்டரும் பார்க்கட்டும், அப்புறம் கோடில் போடுங்கள். வேலிடேட்டர் (ஃபைலைச் சோதிக்கும் மென்பொருள்) பச்சை காட்டிவிட்டது என்பதற்காக ஒரு வரி வகையைத் தேர்ந்தெடுப்பதை நான் ஏற்கவே மாட்டேன். அது வரி பற்றி நீங்கள் கொடுக்கும் வாக்குமூலம்.

அப்புறம் வங்கி. இந்தியாவில் ஐபான் (சர்வதேச வங்கிக் கணக்கு எண்) கிடையாது. பணம் செலுத்தும் முறைக்கு 58 என்ற கோடைப் போட்டால் அது செபா என்ற ஐரோப்பிய யூரோ பணப் பரிமாற்றம், கணக்கு எண் ஐபானாகத்தான் இருக்கும் என்று எதிர்பார்ப்பார்கள். 30 என்ற பொதுவான கிரெடிட் டிரான்ஸ்ஃபர் கோடைப் போட்டு, நம் கணக்கு எண்ணையும் ஸ்விஃப்ட் கோடையும் அதற்குரிய இடங்களில் கொடுங்கள். எக்ஸ்ரெக்னுங்கில் விற்பவர் பக்கத் தொடர்பு நபரின் பெயர், தொலைபேசி, மின்னஞ்சல் மூன்றும் கட்டாயம். பிடி-10-ம் கட்டாயம், அரசு அலுவலகத்துக்கு அனுப்பினால் அதில் அந்த அலுவலகத்தைக் குறிக்கும் லைட்வெக் எண் போகும், தனியார் கம்பெனி என்றால் அவர்கள் தரும் ஆர்டர் அல்லது துறைக் குறிப்பு. இதையெல்லாம் வாடிக்கையாளர் மாஸ்டரில் இப்போதே சேர்த்துவிடுங்கள், பில் போடும் அன்று தேடினால் கிடைக்காது.


அம்பத்தூர்_ஐடி:

இருவருக்கும் மிக்க நன்றி. ரூபாய் விஷயம் ஒன்றே என் திட்டத்தை மாற்றப் போதும். மேடம், ஜி/ஓ பற்றி நீங்கள் எழுதியதை அப்படியே எங்கள் ஆடிட்டருக்கு அனுப்பிவிட்டேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். எங்கள் விலைப்பட்டியல் நூறு எண்ணிக்கைக்கு இவ்வளவு என்றுதான் இருக்கும். ஒரு வாஷரின் விலை பைசா கணக்கில் வரும். இதை ஒற்றை விலையாக்கிக் காட்ட வேண்டுமா? அப்புறம் யூனிட் கோடு. ஜிஎஸ்டியில் என்ஓஎஸ், பிசிஎஸ், கேஜிஎஸ் என்று போடுகிறோம், அதை அப்படியே எக்ஸ்எம்எல்லில் வைத்து ஒரு சோதனை ஃபைல் ஓட்டினேன், முழுக்கச் சிவப்பு.


தரமணி_டெவ் பதில்:

யூனிட் கோடுக்கு அங்கே ஐநா ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் பரிந்துரை 20 என்ற பட்டியல். ஜிஎஸ்டியின் அளவுக் கோடுகளான நம் யூக்யூசி பட்டியலோடு சில இடத்தில் ஒத்துப்போகும், சில இடத்தில் ஒத்துப்போவது போல நடிக்கும், அதுதான் ஆபத்து. கேஜிஎஸ் அங்கே கேஜிஎம். பிசிஎஸ் அங்கே எச்87. என்ஓஎஸ்-க்கு எச்87 அல்லது சி62, வாடிக்கையாளர் எதை ஆர்டரில் எழுதுகிறாரோ அது. டிஓஇஸட் அங்கே டிஇஸட்என். எம்டிஆர் மட்டும் இரண்டிலும் மீட்டர்தான். பாக்ஸுக்குப் பரிந்துரை 21-லிருந்து எடுத்து முன்னால் எக்ஸ் சேர்க்க வேண்டும், எக்ஸ்பிஎக்ஸ். ஜிஆர்எஸ் விஷயத்தில் கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், நம் பட்டியலில் அது குரோஸ், அதாவது 144, கிராம் இல்லை. கிராமுக்கு நம்மிடம் ஜிஎம்எஸ், அங்கே ஜிஆர்எம். பெயரைப் பார்த்து ஜிஆர்எஸ்-ஐ ஜிஆர்எம் ஆக்கிவிட்டால் எந்த வேலிடேட்டரும் கத்தாது, ஏனென்றால் ஜிஆர்எம்மும் அங்கே செல்லுபடியாகும் கோடுதான். ஃபாஸ்டனர் தொழிலில் குரோஸ் கணக்கு இன்னும் புழங்குவதால் உங்களுக்கு இது நிஜமாகவே வரும். கோடு மேப்பிங் டேபிளை ஸ்டோர்ஸில் இருப்பவரோடு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பாருங்கள், நிரலுக்குள் புதைக்காமல் தனி டேபிளாக வையுங்கள்.

விலைக்கு வருகிறேன். ஒற்றை விலையாக்கவே வேண்டாம். மாடலில் பிடி-149 என்று ஒன்று உண்டு, விலை எத்தனை எண்ணிக்கைக்கு என்பதைச் சொல்லும் இடம். நூறு என்று போடுங்கள், முடிந்தது. 100 வாஷர் 7.85 யூரோ, ஆர்டர் 1,250 வாஷர் என்றால் அந்தப் பொருளுக்கான தொகை 98.125, அதாவது 98.13. ஒற்றை விலையை இரண்டு தசமத்தில் 0.08 என்று ஆக்கினால் 100.00 வந்து நிற்கும். யூனிட் விலைக்கு அந்த மாடலில் இரண்டு தசமக் கட்டுப்பாடு கிடையாது, கட்டுப்பாடு தொகைகளுக்குத்தான், அதனால் 0.0785 என்று எழுதினாலும் விதி மீறல் இல்லை. இருந்தாலும் வாடிக்கையாளரின் ஆர்டரில் நூறுக்கு என்று இருந்தால் இன்வாய்ஸிலும் நூறுக்கு என்றே இருப்பது ஒப்பிட நல்லது.

அந்த 98.125-ஐப் பற்றி ஒரு வார்த்தை. பைத்தானில் எழுதினால் ரவுண்ட் ஃபங்ஷன் அதை 98.12 ஆக்கும், பாதி வந்தால் இரட்டைப்படை இலக்கத்தை நோக்கி நகர்த்துவது அதன் இயல்பு. உங்கள் ஈஆர்பி 98.13 என்று மொத்தத்தில் சேர்த்திருக்கும். பொருள்வாரித் தொகைகளின் கூட்டல் தலைப்பில் உள்ள தொகையோடு சரியாகப் பொருந்த வேண்டும் என்பது பிஆர்-சிஓ-10. அங்கே இடிக்கும். டெசிமல் மாட்யூலை எடுத்து, பாதி வந்தால் மேலே என்று அமைத்து, எல்லா இடத்திலும் அதையே பயன்படுத்துங்கள். ஃப்ளோட் பக்கமே போகாதீர்கள்.

வரி கணக்கிடும் இடமும் வேறு. ஜிஎஸ்டி ஜேசனில் ஒவ்வொரு பொருளுக்கும் வரித் தொகை தனித்தனியாக எழுதுவோம். ஐரோப்பிய மாடலில் ஒரே வரி வகையும் விகிதமும் உள்ள எல்லாவற்றையும் கூட்டி, அந்தக் கூட்டலின் மேல் ஒரே தடவை வரி. தலா 10.03 யூரோவுக்கு மூன்று பொருள்கள் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 19 சதவீதம் போட்டால் 1.91 மூன்று தடவை, 5.73. கூட்டிப் போட்டால் 30.09-க்கு 5.72. சரியான விடை 5.72. துணை கம்பெனியின் பில்லிங் மாட்யூல் இந்திய அமைப்பிலிருந்து காப்பி செய்யப்பட்டதா என்று பாருங்கள், அப்படி இருந்தால் மாற்றுவதற்கு முன்னால் கணக்கையே திருத்த வேண்டியிருக்கும்.


வேளச்சேரி_ஜாவா பதில்:

ஒரு சின்ன மாற்றுக்கருத்து. நடு மாடல்தான் சரி என்பதில் எனக்கும் சந்தேகமில்லை, ஆனால் யூபிஎல்லிலிருந்து சிஐஐ-க்கு, சிஐஐ-யிலிருந்து யூபிஎல்லுக்கு நேரடியாக மாற்றவே கூடாது என்ற அளவுக்குப் பயப்பட வேண்டாம். இரண்டு பக்கமும் இஎன் 16931-க்குள் நிற்கும்வரை ஒவ்வொரு பிடி எண்ணுக்கும் இரண்டு சின்டாக்ஸிலும் இடம் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. பெறுகிற இன்வாய்ஸ் என்று வரும்போது, அதாவது உங்கள் துணை கம்பெனிக்கு சப்ளையர்களிடமிருந்து வருபவை, அவை எந்த வடிவத்தில் வரும் என்பது உங்கள் கையில் இல்லை, அப்போது மாற்றித்தான் உள்ளே இழுக்க வேண்டும். மஸ்டாங் என்று ஒரு ஜாவா திறந்த மூல நூலகம் இருக்கிறது, ஜுக்ஃபெர்ட் உருவாக்கும், பிடிஎஃப்பிலிருந்து எக்ஸ்எம்எல்லைப் பிரித்தெடுக்கும், சோதிக்கும், சிஐஐ-யை யூபிஎல் ஆக்கவும் செய்யும். செலவில்லை.

கவனிக்க வேண்டிய இடங்கள் என்றால், கிரெடிட் நோட்டில்தான் எல்லாருக்கும் கால் இடறும். சிஐஐ-யில் இன்வாய்ஸும் கிரெடிட் நோட்டும் ஒரே ஆவண வகை, உள்ளே 380 அல்லது 381 என்ற கோடுதான் வித்தியாசம். யூபிஎல்லில் இரண்டுக்கும் வேர் எலிமென்டே (ஃபைல் முழுவதையும் உள்ளடக்கும் டேக்) வேறு, அளவுக்கான எலிமென்டின் பெயரும் வேறு, இன்வாய்ஸில் மேலேயே நேரடியாக இருக்கும் கட்ட வேண்டிய தேதி கிரெடிட் நோட்டில் பணம் செலுத்தும் பகுதிக்குள் போய்விடும். தேதி எழுதும் விதமும் மாறும், நம் ஜேசனில் 31/01/2026, யூபிஎல்லில் 2026-01-31, சிஐஐ-யில் 20260131, அதோடு 102 என்ற வடிவக் கோடு. எலிமென்ட் வரிசையும் முக்கியம், தகவல் சரியாக இருந்தும் வரிசை மாறியதால் ஸ்கீமா நிராகரிப்பது அடிக்கடி நடக்கிற ஒன்று.

ஜுக்ஃபெர்டில் ப்ரொஃபைல் என்று தரநிலைகள் உண்டு. மினிமம், பேசிக் டபிள்யூஎல் இரண்டிலும் பொருள்வாரி விவரங்களே இருக்காது, ஜெர்மனியில் அவை மின்-இன்வாய்ஸாக ஏற்கப்படாது. இஎன் 16931 ப்ரொஃபைலில் நில்லுங்கள். எக்ஸ்டெண்டட் ப்ரொஃபைலில் மாடலுக்கு வெளியே உள்ள தகவல்கள் வரும், அதை யூபிஎல்லுக்கு மாற்றினால் அந்தக் கூடுதல் எல்லாம் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். பெறும் பக்கத்தில் இது நடந்தால், எது உதிர்ந்தது என்று ஒரு லாக் எழுதி கணக்குப் பிரிவுக்கு அனுப்பும்படி செய்யுங்கள்.

சோதனைக்கு இரண்டு அடுக்கு. முதலில் எக்ஸ்எஸ்டி, ஃபைலின் அமைப்பு சரியா என்று பார்க்கும். அப்புறம் ஸ்கீமாட்ரான், கூட்டல் கழித்தல், கோடுகள், இது இருந்தால் அது இருக்க வேண்டும் மாதிரியான விதிகள். கோசிட் என்ற ஜெர்மன் அமைப்பு வெளியிடும் வேலிடேட்டரில் எக்ஸ்ரெக்னுங் உள்ளமைவைச் சேர்த்தால் இரண்டையும் ஓட்டி ஒரு அறிக்கை கொடுக்கும். அதை உங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளரின் பெயரும் விலையும் உள்ள இன்வாய்ஸை யாரோ நடத்தும் இலவச இணையப் பக்கத்தில் ஏற்றிச் சோதிப்பதைத் தயவுசெய்து வழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள்.


கிண்டி_எக்ஸ்எம்எல்:

வேளச்சேரி நண்பர் சொல்வது நியாயம், பெறும் பக்கத்துக்கு நேரடி மாற்றம் சரிதான். நான் சொன்னது உருவாக்கும் பக்கத்துக்கு.

மலேசியாவைப் பற்றி யாரும் தொடவில்லை. அங்கே 2024 ஆகஸ்ட் 1 முதல் பெரிய கம்பெனிகளில் தொடங்கி மைஇன்வாய்ஸ் முறை வந்திருக்கிறது. அதுவும் யூபிஎல் 2.1தான் என்று கேள்விப்பட்டவுடன் நம் ஐரோப்பிய எழுத்துநிரலையே அனுப்பிவிடலாம் என்று தோன்றும். முடியாது. அங்கே இன்வாய்ஸ் வகை 01, கிரெடிட் நோட் 02, டெபிட் நோட் 03 என்று அவர்கள் சொந்தக் கோடுகள், எல்லாமே இன்வாய்ஸ் என்ற ஒரே வேர் எலிமென்டில். யூபிஎல்லை ஜேசனாக எழுதியும் அனுப்பலாம். நம் ஐஆர்பி மாதிரி அரசுத் தளம் சோதித்து எண் கொடுக்கிறது, ரத்து செய்ய 72 மணி நேரம், நமக்கு 24. சவுதியும் அப்படியே, யூபிஎல் 2.1-ஐ அடிப்படையாக எடுத்துக்கொண்டு அதற்கு மேல் அவர்கள் சொந்த விதிகள். ஆக யூபிஎல் என்ற பெயர் ஒன்றாக இருப்பதால் ஃபைல் ஒன்றாகிவிடாது. சின்டாக்ஸ் ஒன்று, விதித்தொகுப்பு வேறு. உங்கள் நடு மாடலில் இருந்து மலேசியாவுக்குத் தனி எழுத்துநிரல் என்று இப்போதே மனத்தில் வைத்து வடிவமைத்தால் அடுத்த ஆண்டு வேலை பாதியாகும்.


அம்பத்தூர்_ஐடி:

மிகவும் தெளிவாகிவிட்டது, எல்லாருக்கும் நன்றி. முதலில் துணை கம்பெனிக்கு மட்டும், சிஐஐ எழுத்துநிரலோடு ஜுக்ஃபெர்ட் இஎன் 16931 ப்ரொஃபைல், அதே நடு டேபிளிலிருந்து எக்ஸ்ரெக்னுங் யூபிஎல். நேரடி ஏற்றுமதிக்கு ஆடிட்டர் பதில் வரும்வரை பிடிஎஃப் தொடரும். யூனிட் டேபிளை ஸ்டோர்ஸ்காரரிடம் கொடுத்திருக்கிறேன், உங்கள் ஜிஆர்எஸ் எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு பழைய ஐட்டம் மாஸ்டர் முழுவதையும் ஒருமுறை பார்க்கலாம் என்று அவரே சொன்னார்.

கடைசிக் கேள்வி: நேரடி ஏற்றுமதியில் ஐஆர்என்னும் கையெழுத்திட்ட ஜேசனும் இருக்கும், பக்கத்தில் நாங்கள் உருவாக்கும் எக்ஸ்எம்எல்லும் இருக்கும். இரண்டில் எது அசல்? எதை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும்?


பல்லாவரம்_ஏற்றுமதி_கணக்கு பதில்:

ஜிஎஸ்டிக்கு ஐஆர்பி கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுத்ததுதான் இன்வாய்ஸ். அதில் ஒரு எழுத்தை மாற்றினாலும் கையெழுத்து பொருந்தாது, அதனால் அதை யாரும் திறந்து திருத்தும்படி வைக்காதீர்கள். எக்ஸ்எம்எல் அதே பில்லிலிருந்து வாடிக்கையாளர் வசதிக்காக உருவான இன்னொரு வெளிப்பாடு. இன்வாய்ஸ் எண் இரண்டிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும், நம் பக்கம் 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்பதால் அதே எண்ணை அங்கேயும் வைத்துவிடலாம். ஐஆர்என்னைக் குறிப்பு உரையில் கொடுத்து, க்யூஆரோடு உள்ள பிடிஎஃப்பை இணைப்பாகச் சேர்த்துவிடுங்கள். ஜேசனை இணைக்கப் பார்க்காதீர்கள், அந்த மாடலில் இணைப்புக்கு அனுமதித்த ஃபைல் வகைகளில் பிடிஎஃப், பிஎன்ஜி, ஜேபெக், சிஎஸ்வி, எக்ஸெல், ஓடிஎஸ் உண்டு, ஜேசன் இல்லை.

காலம்: ஜிஎஸ்டியில் அந்த ஆண்டின் ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம். வழக்கோ அப்பீலோ நடந்தால் இன்னும் நீளும். ஜெர்மன் துணை கம்பெனிக்கு இன்வாய்ஸ்களுக்கான காலம் 10 ஆண்டிலிருந்து 8 ஆண்டாகக் குறைந்திருக்கிறது. அங்கே ஜுக்ஃபெர்ட் அனுப்பினால் பிடிஎஃப் படமும் உள்ளே உள்ள எக்ஸ்எம்எல்லும் முரண்பட்டால் எக்ஸ்எம்எல்தான் செல்லும், வைத்திருக்க வேண்டியதும் அந்த எக்ஸ்எம்எல்லை, வந்த வடிவத்திலேயே. உள்ளே இழுக்க மாற்றிய நகலை மட்டும் சேமித்துவிட்டு வந்ததை அழித்துவிடும் ஸ்கிரிப்ட் எதுவும் உங்களிடம் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.